சானல் என்று நான் எழுதியது

சந்தைச் சுவரில் பசை இன்னும் காயவில்லை. மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி எடுத்த பசை. வெயில் ஏற ஏறப் புளித்த வாடை அடித்தது. நோட்டீசுக்கு முன்னால் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அவர்களில் ஒருவர்தான், உப்புக்கடை வேலாயுதம். அவர் வரியின் மேல் விரலை வைத்து நகர்த்தி உரக்க வாசித்தார். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் வெற்றிலைக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. அந்த நோட்டீஸில் இருந்த தமிழ் என்னுடையது. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் தன் பெயரைக்கூட எழுதியதில்லை. என் எழுத்தோ அச்சாகிச் சுவரில் ஏறியிருந்தது. அதை இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் போவது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன்.

"'நகரத் தெருக்களின் கழிவுநீர் மூன்று தொட்டிகளில் தெளியவைக்கப்பட்டு, கல்படுகையில் வடிக்கப்பட்டு...' நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார் வேலாயுதம். எனக்கு உச்சி குளிர்ந்தது. எழுதியவன் அல்ல, எழுதியவள் என்று திருத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

"'...சானல் வழியாகப் புல்நிலத்துக்குக் கொண்டுபோகப்படும்.'"

விரல் நின்றது.

"எது வழியா வே?"

"சானல் வழியான்னு போட்டிருக்கு."

"எந்தச் சானலு?"

"ஊருல எத்தன சானலு கெடக்கு? ஒண்ணுதான."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். "சாக்கடைத் தண்ணியச் சானல்லயா விடப்போறானுவ?" "குளிக்கிற வெள்ளத்துலயா?" "இத எழுதினவன் கைய வெட்டணும்."

கூட்டத்தின் ஓரத்தில், அவித்த மரச்சீனி நிறைந்த கடவப்பெட்டியோடு அம்மா நின்றிருந்தாள். நோட்டீஸை எழுதியது யாரென்று அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டுந்தான் தெரியும். தட்டிக்குப் பின்னால் நான் நிற்பதையும் பார்த்துவிட்டாள். கையை வெட்டணும் என்றவரிடம் திரும்பினாள்.

"கைய வெட்டிட்டா அவன் எப்பிடிவே மாத்தி எழுதுவான்?"

சிலர் சிரித்தார்கள். நான் சந்து வழியாக ஆபீசுக்கு ஓடினேன்.

ஒரே ஒரு சானல்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மலையடிவாரத்து அணையிலிருந்து வயலுக்கு வரும் கால்வாயை எங்கள் பக்கத்தில் சானல் என்றுதான் சொல்வோம். அணை கட்டிய இன்ஜினீயர்கள் சொன்ன சொல் அப்படியே எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நெல்லுக்குத் தண்ணீர் அதில்தான். குளிப்பதும் மாடு கழுவுவதும் அதில்தான். கோடையில் பாதி ஊர் குடிப்பதும் அதைத்தான். "சானலுக்குப் போயிட்டு வாறேன்" என்று ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சொன்னால் குளிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

அந்தச் சானல் வழியாக ஊர்ச் சாக்கடை போகும் என்று நகரசபையின் பெயரால் நான் எழுதி அச்சடித்து ஒட்டவைத்திருந்தேன்.

போன வாரம் நான் நகரசபையில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், 'தற்பெருமை கொஞ்சம் தூக்கல்' என்று கார்டு போட்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

எங்கள் குளம்

ஊர்ப்பெயரை எழுதவில்லை. நகரசபை மெம்பர்களின் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். பெரிய பட்டணமும் இல்லை, கிராமமும் இல்லை. நகரசபை உண்டு, சந்தை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, இரண்டு கோயில், மூன்று சர்ச்சு. சரிவில் அமைந்த ஊர். சரிவின் அடியில் தாழத்தெரு. நாங்கள் அங்கே இருந்தோம்.

மேலே யார் அரிசி கழுவினாலும், யார் குளித்தாலும், எந்தத் தொழுவத்தைக் கழுவிவிட்டாலும் அந்தத் தண்ணீர் ஓடையில் சேர்ந்து எங்கள் தெருவுக்குள் நுழையும். சந்தைக் கழிவு வரும். ஆஸ்பத்திரிக் கழிவு வரும். சாயப்பட்டறைக்காரர்கள் சிவப்புச் சாயம் போட்ட நாளில் எங்கள் ஓடை சிவப்பாக வரும்; நீலம் போட்டால் நீலம். எல்லாம் கடைசியில் எங்கள் குளத்தில் விழும். அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம்.

தெரியாமல் குடித்தோம் என்று நினைக்க வேண்டாம். மேல்தெருக் கிணறுகளில் எங்கள் குடம் இறங்க முடியாது. சானலுக்கு ஒன்றரை மைல். கூலிக்கும் சந்தைக்கும் போகிற பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடப்பார்கள்? குளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தேற்றாங்கொட்டை உரசிய பானையில் ஊற்றி வைப்போம். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.

மழை தொடங்கியதும் நீக்கம்பு வரும். வாந்திபேதிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. என் தங்கை சாராளுக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'சா'வும் 'ரா'வும் வந்துவிட்டன. 'ள்' எழுதுவதற்குள் அந்த வருஷத்து மழை வந்துவிட்டது.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்த நோட்டீஸில் சொன்ன திட்டம் நிறைவேற வேண்டும் என்று எனக்கு ஏன் அவ்வளவு வெறி என்பது தெரிந்தால் போதும்.

சாக்கோ சாரின் தொட்டிகள்

திட்டம் போட்டவர் ஓவர்சியர் சாக்கோ சார். கோட்டயத்துக்காரர். அவர் பேசுவது தமிழ் என்று அவரும், மலையாளம் என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே ஓடையோடு நடந்து தாழத்தெருவுக்குள் வந்து, குளத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிய மனிதர். வேறு எந்த உத்தியோகஸ்தரும் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

ஓடை குளத்தில் விழுவதற்கு முன்பே மறித்துவிட வேண்டும் என்பது திட்டம். முதலில் ஒரு கம்பி அழி, சல்லடைபோல. வாழைச்சருகும் கந்தலும் அதில் தங்கும். அடுத்து மூன்று தொட்டிகள். தண்ணீர் அவசரமில்லாமல் நின்று நகர்ந்தால் சேறு அடியில் இறங்கும். அதற்கப்பால் உடைத்த கருங்கல் நிரப்பிய படுகை. கல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் பிடிக்கும். மிச்ச அழுக்கைத் தின்பது அதுதான். கடைசியில் வரும் தண்ணீர், தனியாக வெட்டிய வழியில் ஊருக்கு வெளியே தரிசுக்குப் போய், நகரசபை வண்டிமாடுகளுக்குப் புல் வளர்க்கும்.

மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் இதையே சின்னதாகக் கட்டி ஒரு வருஷமாக ஓட்டிப் பார்த்தார். "வெள்ளம் நிக்கணும் குட்டீ. நின்னா மதி. பாக்கி அது தன்னே செய்யும்," என்பார். தண்ணீர் நின்றால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். கல்படுகையில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து, கண்ணாடி வளையலைப் பார்ப்பதுபோல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

மெம்பர்களின் ஓட்டுக்கு வைக்கத் திட்டத்தை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் ஜனங்களுக்குத் தமிழ் நோட்டீஸ் தயாரிக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. தொட்டியின் ஆங்கிலப் பெயருக்கு அகராதியில் 'அழுகச்செய்வது' என்று இருந்தது. 'அழுகு தொட்டி' என்று எழுதிக் காட்டினேன். "இது வாசிச்சா ஓட்டு கிட்டுமோ?" என்றார். 'தெளிதொட்டி' என்று மாற்றினேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

அடித்த சொல்

கடைசி வரியில் அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொல் சானல்தான். ஆங்கிலத்தில் அது தண்ணீர் போகும் எந்த வழிக்கும் பெயர். நான் முதலில் அதை 'ஓவு' என்றுதான் எழுதினேன்.

ஓவு என்றால் வீட்டில் குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் வெளியே போகிற வழி. எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். "ஏட்டி, ஓவுல சருகு அடைச்சிருக்கு, தள்ளிவிடு," என்று அம்மா நாளுக்கு மூன்று தடவை சொல்வாள். அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

ஆனால் நான் அதை அச்சில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கட்டுரையில் எழுதினேன். டீச்சர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், வீட்டுச் சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது என்று.

நகரசபை நோட்டீஸில் ஓவா? பேனாவை எடுத்து அடித்தேன். மேலே 'சானல்' என்று எழுதினேன். பார்க்கவே கௌரவமாக இருந்தது.

மம்பட்டிகள்

சந்தைக்குத் திரும்புகிறேன். மத்தியானத்துக்குள் நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். சாயங்காலம் சானல் பாயும் ஆறு ஊர்களின் ஆட்களும் மம்பட்டியும் கையுமாகச் சானல்கரையில் கூடினார்கள். சானல் பாசனத்தில் நிறைய வயல் வைத்திருந்தவர் மாணிக்கம் பிள்ளை என்ற மெம்பர். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவர் பொல்லாதவர் அல்ல. உண்மையாகவே பயந்துபோயிருந்தார். "கோட்டயத்துலருந்து வந்தவனுக்கு நம்ம சானலப் பத்தி என்ன தெரியும்?" என்று அவர் கேட்டது மறுநாள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை கூட்டத்தில் திட்டம் ஓட்டுக்கு வர இருந்தது. அன்று தோற்றால் பணம் வேறு வேலைக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை சேர்மன் சாக்கோ சாரைக் கூப்பிட்டு, "சானல்ல விடணும்னு நீரா எழுதினீர்?" என்று கேட்டார். நான் அடுத்த அறையில் பைல் அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

"தெற்று என்டெயாணு சார்," என்றார் அவர். தப்பு என்னுடையது என்று அர்த்தம்.

என் பெயர் அவர் வாயில் வரவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, எப்போதும்போலத் தலையை அசைத்துவிட்டு, தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

நான் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. தற்காலிக வேலைதான், ஆனால் தாழத்தெருவிலிருந்து செருப்புப் போட்டு ஆபீசுக்குப் போன முதல் ஆள் நான். தப்புச் செய்தவள் என்று ஊர் சொன்னால், 'பெட்டைப் பிள்ளையப் படிக்க வச்சா இப்பிடித்தான்' என்று எனக்குப் பின்னால் வருகிறவர்களின் அப்பாமார் சொல்வார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மா மரச்சீனித் தோலைத் தொலித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏட்டி ரூத்து, ஒனக்கு ஓவுன்னு எழுதத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

அம்மா அடுத்த கிழங்கை எடுத்தாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்பாக ஆபீசுக்குப் போய், பைலிலிருந்து என் கைப்பிரதியை எடுத்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"குடிச்சுக் காட்டு"

நகரசபை முற்றம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் வயலிலிருந்து நேராக வந்தவர்கள். தோளில் மம்பட்டி, முழங்கால் வரை சேறு. ஜன்னல்களில் முகங்கள். உள்ளே மெம்பர்கள், ஓரத்தில் சாக்கோ சார். காரியதரிசிக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்க நான்.

மாணிக்கம் பிள்ளை பேச எழுந்ததும் நானும் எழுந்தேன். அவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"நீ உக்காரு பிள்ள. கூட்டத்துல எழுத்தர் பேசுத வழக்கம் உண்டா?"

"பேச வரல்லைங்க. ஒரு காகிதத்தைக் காட்டணும்."

கைப்பிரதியை மேசையில் விரித்தேன். ஓவர்சியர் எழுதியதில் பிழை இல்லை என்றும், தனியாக வெட்டும் ஓவு என்று எழுத வேண்டிய இடத்தில் சானல் என்று எழுதியது நான் என்றும் சொன்னேன். அடித்த சொல்லை விரலால் காட்டினேன். காகிதம் கைக்குக் கை போயிற்று. ஒரு மெம்பர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஓவுன்னுதான் இருக்கு. நல்ல அமுக்கி அடிச்சிருக்கா," என்றார். ஜன்னலில் சிரிப்பு எழுந்தது. என் காது சுட்டது.

பிள்ளை உட்காரவில்லை.

"செரி, தப்பு யாருக்கும் வரும். எனக்கு ஒண்ணு தெரியணும். தண்ணி தெளிஞ்சு வருதுன்னு ஓவர்சியர் சொல்லுதாரு. அவரு தொழுவத்துக்குப் பின்னால வச்சிருக்க தொட்டியிலருந்து ஒரு கிளாசு கொண்டாரச் சொல்லும்."

பியூன் போய்க் கொண்டுவந்தார். லேசான வைக்கோல் நிறம். வாடை இல்லை. பிள்ளை அதை மேசை நடுவில் வைத்தார்.

"இது சுத்தம்னா ஆரு வேணா குடிச்சுக் காட்டுங்க. நான் கையத் தூக்குதேன்."

சாக்கோ சாரின் கை நீண்டது. அந்த மனிதர் குடித்திருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் நான் கிளாசை எடுத்துவிட்டேன். நான் குடிக்கப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கிளாசைப் பிள்ளைக்கு முன்னால் வைத்தேன்.

"குடிக்க மாட்டேன்."

"கண்டீளா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கையை விரித்தார் பிள்ளை.

"குடிச்சா வயித்தால போவும். இது புல்லுக்கு உள்ள தண்ணி. குடிக்க ஆகாதுங்கிறதுனாலதான் ஐயா உங்க சானல்ல விடல்ல. தனியா ஓவு வெட்டிக் கொண்டுபோகச் சொல்லியிருக்கு."

"பின்ன எதுக்கு அதத் தெளிய வைக்கணும்?"

"தெளிய வைக்காமத்தான் இப்ப எங்க குளத்துல விடுதீங்க. அத நாங்க குடிக்கோம்."

என் பள்ளிக்கூடத் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீட்டுப் பேச்சுதான் வந்தது. அதை நிறுத்தவும் எனக்குத் தோன்றவில்லை.

"சானல்ல விடப்போறதா ஒரு காகிதத்துல வாசிச்சதுக்கு ஆறு ஊரும் மம்பட்டியோட வந்திருக்கு. ஒரு சொட்டு விழல்ல. வெறும் எழுத்து. எங்க குளத்துல நான் பொறக்கதுக்கு முந்தியே விழுது. நாங்க ஆரு வீட்டு முத்தத்துலயும் மம்பட்டியோட வந்து நிக்கல்ல."

சேர்மன் மணியை அடிக்கக் கையைக் கொண்டுபோனார், அடிக்கவில்லை.

ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சிமுத்து, சானலில் மடை திறந்து அடைக்கிறவர். "அந்தப் பிள்ள சொல்லுதது நேராக்கும். நோட்டீச வாசிச்சுக் கேட்டதுலருந்து எனக்குச் சானல்ல வாய் கொப்பளிக்கக்கூட மனசு வரல்ல."

"அதானா பக்கத்துல நிக்க முடியல்ல!" என்றார் பின்னாலிருந்த ஒருவர். முற்றம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சில மம்பட்டிகள் தோளிலிருந்து தரைக்கு இறங்கின.

ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கினார்கள். பாதிக்கு ஒன்று குறைவு. எதிர்க்கிறவர்கள் கை தூக்கச் சேர்மன் சொன்னார். மாணிக்கம் பிள்ளை கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இப்போதும் எழவில்லை. அவர் தூக்காததால் அவரைப் பார்த்துத் தூக்குகிற மூன்று பேரும் தூக்கவில்லை. எதிர்ப்புக் கைகள் குறைந்துபோய்த் தீர்மானம் நிறைவேறியது.

கலைந்து போகும்போது பிள்ளை என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "கை தூக்குதேன்னு சொன்னது குடிச்சாத்தான். நீ குடிக்கல்ல. பேச்சு பேச்சுதான்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு

மறுநாள் காரியதரிசி ஒரு காகிதம் கொடுத்தார். என் தற்காலிக வேலை முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது கருங்கல் என்ற ஊர்ப்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கட்டுரையில் வீட்டுச் சொல் எழுதினால் சிவப்பு மையை எடுப்பதில்லை.

தொட்டிகள் கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சாக்கோ சார் முதல் தொட்டியில் தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகுதான் தனக்கு வந்த மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். குளம் உடனே சுத்தமாகிவிடவில்லை. அடிச்சேற்றை வாரி எடுக்கவும், அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கவும் இன்னும் இரண்டு மழை ஆயிற்று. தெருவுக்கு என்று ஒரு கிணறு கேட்டு அம்மாவும் மற்றப் பெண்களும் நகரசபைக்கு நடக்கத் தொடங்கியது தனிக் கதை.

குளத்தில் ஓடை விழுந்த வாயைக் கல்வைத்து அடைத்தது ஒரு மத்தியானம். நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். கொத்தனார் கடைசிக் கல்லை இறக்கிச் சாந்து பூசினார். பத்து நிமிஷத்தில் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து, தூக்கத்திலும் விழிப்பிலும் கேட்டுக்கொண்டிருந்த, ஓடை குளத்தில் விழும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அம்மா தலையைச் சாய்த்து ஒரு காதைத் தட்டினாள். பிறகு இன்னொரு காதைத் தட்டினாள்.

"ஏட்டி, என்னமாவது பேசு பாப்பம். எனக்குச் செவி கேக்குதான்னு தெரியணும்."